ஏழெழுத்து ஜாதகம்

டெல் நிறுவனத்து மேசைக் கணினி ஒவ்வொன்றின் உடம்பிலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஏழு குறிகள் அதில் இருக்கும். சர்வீஸ் டேக் என்பார்கள். அந்த ஏழையும் நிறுவனத்தின் தளத்தில் தட்டினால் பெட்டியின் ஜாதகம் வந்துவிடும். என்றைக்கு அனுப்பினார்கள், எந்த நாட்டுக்கு, உள்ளே என்ன ப்ராசஸர், எத்தனை ஜிபி ராம், வாரண்டி எப்போது முடிந்தது எல்லாம் தெரியும். அதற்குப் பக்கத்திலேயே எண்களால் மட்டும் ஆன நீளமான ஒரு எக்ஸ்பிரஸ் கோடும் இருக்கும். அதே ஏழு குறிகளைக் கணக்குப் போட்டு வெறும் எண்ணாக மாற்றியதுதான் அது. தொலைபேசியில் 'பி'யா 'டி'யா என்று கத்திக்கொண்டிருக்க வேண்டாம், எண்ணை அழுத்தினால் போதும் என்பதற்கான ஏற்பாடு.

நான் சொல்ல வந்த பெட்டியின் ஜாதகம் 2014-இல் தொடங்குகிறது. பெயர் ஆப்டிபிளெக்ஸ் 3020. கறுப்பு நிறம், ஒல்லி உடம்பு, நிற்கவும் வைக்கலாம் படுக்கவும் வைக்கலாம். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வங்கிக் கவுன்டரிலும் கல்லூரி லேபிலும் நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்த்த நினைவு இருக்காது. அலுவலகத்துக்கென்றே 1993 முதல் டெல் விற்றுவரும் வரிசை இது. கண்ணில் படாமல் வேலை செய்வதற்காகவே வடிவமைத்த பொருள்.

டெல்லின் இந்தியத் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரில் 2007-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இந்திய அலுவலகங்களின் மேசைக் கணினிகளை அங்கே பூட்டினார்கள். பூட்டினார்கள் என்பதுதான் சரி. உறுப்புகள் எல்லாம் கப்பலேறி வந்தவை. அந்த வயது இன்டெல் சிப்களின் தலையைத் துடைத்துப் பார்த்தால் சிலவற்றில் மலேசியா என்றும், சிலவற்றில் வியட்நாம் என்றும், சிலவற்றில் கோஸ்டா ரிக்கா என்றும் பொறித்திருக்கும். கோஸ்டா ரிக்காவில் சிப்பைப் பூட்டிச் சோதித்துவந்த ஆலையை மூடப்போவதாக இன்டெல் 2014-இல்தான் அறிவித்தது. அந்த ஆலை அப்போது போய்விட்டது. அங்கே சோதித்து அனுப்பிய சிப்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பிறப்புச் செலவைப் பற்றி ஒரு பழைய கணக்கு உண்டு. ஐ.நா. பல்கலைக்கழகத்துக்காக எரிக் வில்லியம்ஸ் போன்ற ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் போட்டது. 17 அங்குலக் குழாய் மானிட்டரோடு ஒரு மேசைக் கணினியைச் செய்ய 240 கிலோ புதைபடிவ எரிபொருள், 22 கிலோ ரசாயனம், 1,500 கிலோ தண்ணீர் ஆகிறது என்றார்கள். அந்தக் கணக்கின் உறுத்தலான பகுதி வேறு. ஒரு கணினி தன் வாழ்நாளில் தின்னும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அது முதன்முறையாக ஆன் ஆவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது. ஃப்ரிட்ஜுக்கு நேர்மாறு. ஃப்ரிட்ஜ் நம் வீட்டுக்கு வந்த பிறகுதான் மின்சாரம் தின்னத் தொடங்குகிறது. பழையதைத் தூக்கிப் போட்டுச் சிக்கனமான புதியதை வாங்குவதில் ஒரு நியாயம் உண்டு. கணினிக்கு அந்த நியாயம் செல்லாது. குழாய் மானிட்டர் காலம் போய்விட்டதால் எண்கள் இன்று மாறியிருக்கும், சாரம் மாறவில்லை. பட்ட கடனை அடைக்கக் கணினிக்குத் தெரிந்த ஒரே வழி, நீண்ட காலம் உழைப்பது.

அந்த உழைப்புக்குத்தான் நாம் விடுவதில்லை.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடிக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது. நெற்றியில் நிறுவனத்தின் சொத்து எண் ஒட்டினார்கள். இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று மாறிமாறி இருவர் ஒரே விசைப்பலகையைத் தட்டினார்கள். இந்தப் பருவத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலைக்குப் போன மனிதர்களின் வாழ்க்கை வரலாற்றிலும் இந்தப் பகுதி சுவாரசியமில்லாமல்தான் இருக்கிறது.

ஆனால் கணக்குப் பிரிவில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் பயனுள்ள ஆயுள் 3 ஆண்டு என்கிறது. மூன்றாண்டு முடிந்ததும் அதிகபட்சம் வாங்கிய விலையில் 5 விழுக்காடு எச்ச மதிப்பாக நிற்கலாம், மற்றதெல்லாம் தேய்மானம். மின்கழிவுக் கணக்குக்காக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மேசைக் கணினிக்குச் சராசரி ஆயுள் 6 ஆண்டு என்று வைத்திருந்தது. ஆக, ஒரே பெட்டிக்கு அரசாங்கமே இரண்டு ஆயுள் எழுதியிருக்கிறது. பழுது பார்ப்பவரைக் கேட்டால் மூன்றாவது ஒன்று சொல்வார்: "டஸ்ட் அடிச்சு வச்சா பத்து வருஷம் சும்மா ஓடும் சார், டிஸ்க்கை மட்டும் மாத்திக்குங்க."

2017-இல் கணக்குப் புத்தகத்தில் பெட்டி இறந்தது. உடனே அப்புறப்படுத்தவில்லை, பயிற்சி அறைக்கு இறக்கினார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் புதுப்பெட்டி எதற்கு என்று நினைத்திருப்பார்கள். 2020 மார்ச்சில்தான் அதற்கு ஒரு பயணம் வாய்த்தது. ஊரடங்கு அறிவிப்பையொட்டிய நாட்களில் இந்தச் சாலையின் ஐ.டி. நிறுவனங்கள் மடிக்கணினி பற்றாமல் மேசைக் கணினிகளையே மூட்டை கட்டி ஊழியர்களின் வீடுகளுக்கு அனுப்பின. கால் டாக்சியின் பின்சீட்டில் மானிட்டர், டிக்கியில் சிபியு. பெட்டியை எங்கள் ஊரில் எல்லோரும் சிபியு என்றுதான் சொல்வோம். உள்ளே இருக்கும் சிப்பின் பெயர் அது என்று பாடம் நடத்தும் வாத்தியார்கூட வீட்டில் அப்படித்தான் சொல்வார். நம் பெட்டி யாரோ ஒருவரின் வீட்டுக் கூடத்தில் ஒன்றரை ஆண்டு இருந்தது. உள்ளே படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கு அதற்குச் சாட்சி. அலுவலகத் தூசி உலர்ந்த தூசி, ஊதினால் போய்விடும். சமையலறைக்குப் பக்கத்தில் வாழ்ந்த பெட்டியின் தூசி ஒட்டிக்கொள்ளும்.

அலுவலகம் திரும்பியபோது அதற்கு மேசை இல்லை. எல்லோர் கையிலும் மடிக்கணினி. ஸ்டோர் ரூமில் அடுக்கினார்கள்.

ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே போக ஒரு பெட்டிக்குப் பல கதவுகள் உண்டு, எதுவும் எளிதாகத் திறப்பதில்லை. நல்ல எண்ணத்தோடு கொடுக்க நினைக்கும் நிறுவனத்துக்கும் சிக்கல்தான். உள்ளீட்டு வரி வரவு பெற்ற பொருளை விலையில்லாமல் கொடுத்தாலும் அதை விற்றதாகவே ஜிஎஸ்டி சட்டத்தின் முதல் அட்டவணை கருதுகிறது. மென்பொருள் பூங்காத் திட்டத்தில் தீர்வையில்லாமல் வாங்கிய கணினிக்கு வேறு விதி. வாங்கி இரண்டு ஆண்டு கழிந்தபின் தீர்வை கட்டாமலே அங்கீகாரம் பெற்ற, லாப நோக்கில்லாத கல்வி நிறுவனத்துக்கும் பொது நூலகத்துக்கும் கொடுக்கலாம் என்று வெளிநாட்டு வணிகக் கொள்கையே இடம் தருகிறது. நல்ல ஏற்பாடு; ஆனால் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஓட்டுக்கொட்டகையில் நடத்தும் படிப்பகம் அந்தப் பட்டியலில் வராது. அதற்குப் பதிவு எண் இல்லை, லெட்டர்பேடு இல்லை, தணிக்கை அறிக்கை இல்லை. இன்னொரு பக்கம், பதிவேட்டில் ஒருமுறை கழிவு என்று எழுதிவிட்டால் மின்கழிவு விதிகள் வந்து நிற்கும். பதிவு பெற்ற மறுசுழற்சியாளர், பதிவு பெற்ற புதுப்பிப்பாளர் போன்றோரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள புதிய விதிகள் பழுது நீக்கி மீண்டும் ஓடவிடுவதற்குச் சலுகைகூடத் தருகின்றன. புதுப்பித்த அளவுக்கு உற்பத்தியாளரின் மறுசுழற்சிக் கடமை தள்ளிப்போகும். பிறகு சேரும்போதும் அதில் 75 விழுக்காடுதான் சேரும். காகிதத்தில் மிக அழகு. ஸ்டோர் ரூம் சாவி வைத்திருப்பவருக்கோ இதைப் படித்துப் பார்ப்பதைவிட ஏலத்தில் மொத்தமாகத் தள்ளிவிடுவது சுலபம்.

அதற்கும் முன்னால் டிஸ்க்.

நிறுவனங்கள் பெட்டியைக் கொடுக்கத் தயங்குவதில் வரியைவிடப் பெரிய காரணம் இதுதான், அந்த பயம் பொய்யில்லை. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரண்டு எம்.ஐ.டி. மாணவர்கள் பழைய ஹார்ட் டிஸ்க் 158-ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து 2003-இல் கட்டுரை எழுதினார்கள். ஒழுங்காக அழித்திருந்தவை 12. மற்றவற்றிலிருந்து கிரெடிட் கார்டு எண்கள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் கிடைத்தன. ஒரு டிஸ்க், பணம் எடுக்கும் இயந்திரத்தின் வயிற்றிலிருந்து வந்ததாகத் தெரிந்தது. டெலீட் செய்வதும் ஃபார்மட் செய்வதும் பெயர்ப் பட்டியலைக் கிழிப்பது மட்டுமே, தகவல் அப்படியே கிடக்கும் என்பது அன்றைக்குப் பலருக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

இதற்கு நேர் எதிரான மூடநம்பிக்கையும் இருக்கிறது. பீட்டர் கட்மன் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் 1996-இல் ஒரு கட்டுரையில் 35 தடவை மேலெழுதும் முறை ஒன்றைச் சொன்னார். அந்தக் காலத்தின் வெவ்வேறு வகை டிஸ்க்குகள் அனைத்துக்கும் சேர்த்துச் சொன்னது. ஒரே டிஸ்க்குக்கு 35-ஐயும் செய்வதில் பொருளில்லை என்று பிற்பாடு அவரே எழுதிவிட்டார். கேட்பாரில்லை. இப்போதும் சில அலுவலகங்களில் 35 தடவை அழிக்கிறார்கள். இன்றைய ஹார்ட் டிஸ்க்கைப் பொதுவாக ஒரே ஒருமுறை முழுக்க மேலெழுதினால் போதும் என்பது அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் வழிகாட்டுதல். 500 ஜிபி டிஸ்க்குக்கு ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம். என்வைப் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம்.

அந்த இரண்டு மணி நேரத்தைச் செலவழிக்க மனமில்லாமல், நம் பெட்டியின் டிஸ்க்கைக் கழற்றி ட்ரில் போட்டுத் துளைத்துவிட்டார்கள். சான்றிதழுக்காகப் புகைப்படமும் எடுத்திருப்பார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க். டிஸ்க் இல்லாத பெட்டியாக அது ஏலத்தில் ஒரு லாட்டுக்குள் போனது.

லாட்டை எடுப்பவர் யார் என்பதில் இருக்கிறது பெட்டியின் விதி. ஒரு கை எடுத்தால் அது வடக்கே போகும். டெல்லி சீலம்பூரில் உடைபட்டு, போர்டு தனியாக மொராதாபாத் பக்கம் போய், எரித்தும் அமிலத்தில் முக்கியும் செம்பையும் துளித் தங்கத்தையும் பிரிப்பார்கள். அந்த ஊர்களில் கையுறையில்லாமல் அதைச் செய்பவர்களின் நுரையீரலுக்கு எந்த அட்டவணையிலும் தேய்மானம் எழுதுவதில்லை. இன்னொரு கை எடுத்தால் சென்னை ரிச்சி தெருவுக்கு வரும். நம்முடையதை எடுத்தவர் ரிச்சி தெருவுக்குச் சரக்கு போடுபவர். அவரிடமிருந்து நாங்கள் வாங்கினோம், இன்னும் சில பெட்டிகளோடு. நாங்கள் என்றால் பழைய கணினிகளைத் திரட்டிச் சரிசெய்து கேட்பவர்களுக்குக் கொடுக்கும் ஒரு சின்னக் கூட்டம், பெயர் வைத்துக்கொள்ளவில்லை. கம்பெனியிடம் நேரடியாகக் கேட்டுக் கடிதம் எழுதி அலைந்த காலம் உண்டு. கடைசியில் விலை கொடுத்து வாங்குவதே விரைவான தானம் என்று புரிந்துகொண்டோம்.

மேசைமேல் வந்தபின் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த பகுதி இது.

முதலில் ப்ளோயர். மூடியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய்தான் ஊத வேண்டும், வீட்டுக்குள் ஊதினால் அன்றைக்குச் சாப்பாடு கிடைக்காது. ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். பிடிக்காமல் விட்டால் அது தன் வேகத்துக்கு மேல் சுற்றி பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். எங்கள் பெட்டியின் பிசுக்கு ஊதியதில் போகவில்லை. பெயின்ட் பிரஷ்ஷும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வைத்துச் சுரண்ட வேண்டியிருந்தது. சிப்புக்கும் அதன்மேல் உட்காரும் ஹீட் சிங்குக்கும் நடுவிலிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொடியாகியிருந்தது. துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட். ராமை உருவி, பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் பென்சில் ரப்பரால் அதன் பொன்னிற முனைகளைத் தேய்த்துத் திரும்பச் செருகினோம். டெட் என்று சொல்லி வரும் பெட்டிகளில் பாதிக்கு இந்த ரப்பரே வைத்தியம். சென்னையின் உப்புக் காற்று செய்யும் வேலை அது.

போர்டைப் பார்க்கும்போது கண் தானாகக் கெப்பாசிட்டர்களுக்குப் போகும். அது இந்தப் பெட்டியின் மூதாதையர் கற்றுக்கொடுத்த பழக்கம். 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் அனுப்பிய ஆப்டிபிளெக்ஸ்களில் பழுதான கெப்பாசிட்டர்கள் இருந்தன. அந்தக் காலத்தில் போனவை 1 கோடியே 18 லட்சம் பெட்டிகள். எல்லாம் கெடவில்லை, கெட்டவை ஏராளம். தலை உப்பி, கசிந்து, போர்டோடு செத்தன. டெல் அதற்காக 30 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. வழக்கு நடந்து, 2010-இல் ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் நிறுவனத்துக்குள் எவ்வளவு முன்பே தெரிந்திருந்தது என்பது ஊருக்குத் தெரிந்தது. 3020-இன் காலத்துக்குள் இந்தப் பிரச்சினை ஓய்ந்துவிட்டது, ஆனாலும் பார்க்காமல் மூடியைப் போட மாட்டோம்.

ஆன் செய்தோம். பயாஸுக்குள் நுழையப் பாஸ்வேர்டு கேட்டது. அலுவலகம் வைத்த பூட்டு, அங்கே வேலை பார்த்த யாருக்கும் இப்போது நினைவிருக்காது. டெல் போர்டில் இதற்கென்றே ஒரு குட்டி ஜம்பர் உண்டு. அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்தால் பாஸ்வேர்டு அழிந்துவிடும். அது தெரியாமல் போர்டையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, வேண்டிய பொருள். டிஸ்க் இல்லை, ஆகவே 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. பத்து வயதுப் பெட்டிக்கு உயிர் கொடுப்பதில் இதற்கு இணை வேறில்லை. சுற்றும் டிஸ்க்கில் நிமிடக்கணக்கில் திணறிய பெட்டி எஸ்எஸ்டியில் அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடும். ராம் 4 ஜிபி இன்றைய பிரவுசருக்குப் போதாது, இன்னொரு நாலு வேண்டும். அதற்கு ரிச்சி தெரு. ரேடியோ உதிரிபாகக் காலத்திலிருந்து அண்ணா சாலையின் முதுகுக்குப் பின்னால் இயங்கும் தெரு. கூட வந்த இளைஞன் கடைக்காரரிடம் கேட்டான்.

"அண்ணே, டிடிஆர் த்ரீ நாலு ஜிபி இருக்கா? டெஸ்க்டாப்புது."

"எத்தனை வேணும் தம்பி? ஒண்ணா, லாட்டா?"

"ஒண்ணுதாண்ணே. இனாமா குடுக்கற மெஷினுக்கு."

"இனாமாவா? அப்போ இங்கயே டெஸ்ட் பண்ணி எடுத்துக்கோ. காசு குடுத்து வாங்கினவன் கெட்டுப்போனா வந்து சண்டை போடுவான். ஓசியில வாங்கினவன் வாயே தொறக்க மாட்டான். மூலையில தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவான்."

தானத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இலவசமாக வந்த பொருளைப் பற்றிப் புகார் சொல்ல வாங்கியவருக்குக் கூச்சம். கொடுத்தவருக்கோ கொடுத்த அன்றே கதை முடிந்துவிட்டது, படம் எடுத்தாயிற்று. நடுவில் பெட்டி சாகிறது. எத்தனையோ பள்ளிக்கூட அலமாரிகளுக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கணினிகள் தூங்குவதற்கு மின்வெட்டும் ஆசிரியர் பற்றாக்குறையும் காரணம்தான். அவற்றைவிட எளிய காரணம் ஒன்றும் உண்டு: ஏதாவது ஆனால் நம் தலையில் விடியுமே என்று சாவி வைத்திருப்பவர் பூட்டியே வைக்கிறார். பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் அந்த ஊரிலேயே ஒருவர் இருக்கிறாரா என்பதை வைத்துத்தான் அதன் மறுவாழ்வைச் சொல்ல முடியும். கொடுப்பவரின் மனசு எவ்வளவு பெரிது என்பது இதில் கணக்கில்லை.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் ஃப்ரீ கீக் என்ற அமைப்பை 2000-இல் தொடங்கியவர்கள் இதை முதலிலேயே புரிந்துகொண்டார்கள். அவர்களிடம் கணினி இனாமாகக் கிடைத்தது, ஆனால் 24 மணி நேரம் அங்கே வேலை செய்துவிட்டு எடுத்துப்போக வேண்டியிருந்தது. பெட்டி பிரிக்கலாம், உறுப்பு தரம் பிரிக்கலாம். இன்னொரு வகுப்பில் சேர்ந்தால் ஐந்து கணினிகளைப் பூட்டி அமைப்புக்குக் கொடுத்துவிட்டு, ஆறாவதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடிந்தது. ஆறாவது பெட்டி கெட்டால் அதைப் பூட்டியவர் யாருக்கும் போன் செய்ய மாட்டார். பெங்களூரிலும் ஒரு குடிசைப் பகுதியில் அம்பேத்கர் பெயரில் நடந்த கணினி மையத்தில், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கம்பெனிகள் கழித்துவிட்ட கணினிகளை வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகள் கிம்ப் என்ற மென்பொருளில் படம் வரைந்தார்கள். வாராவாரம் ஆள் போய்க்கொண்டே இருந்தது என்பதுதான் அதில் முக்கியம்.

நம் பெட்டிக்கு விண்டோஸ் போடவில்லை. லினக்ஸ் மின்ட். காசு மிச்சம் என்பது ஒரு காரணம், பழைய சிப்பை அது மதித்து நடத்தும் என்பது இன்னொன்று. தமிழ்99 விசைப்பலகை, லிப்ரே ஆபீஸ், சின்னப் பிள்ளைகளுக்கு டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரி. இணையம் இல்லாத நாளுக்கு கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இறக்கி வைத்தோம். இரவு முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடியது. காலையில் ஒரு பிழையும் இல்லை. பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மட்டும் சந்தேகம். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் 24 முள் இணைப்போடு வரும். டெல் இந்த வரிசைக்குத் தனக்கென்று 8 முள் இணைப்பு வைத்துக்கொண்டது. நாளைக்கு அது போனால் கிராமத்துக் கடையில் கிடைக்காது என்பதால், நடுவில் போடும் மாற்றுக் கேபிள் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே கட்டிவைத்தோம். கூட ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ரப்பர், ஒரு சின்ன நோட்டு.

மதுராந்தகத்துக்கு உள்ளே ஒரு காலனியின் படிப்பகத்துக்கு அது போயிற்று. மாலையில் பத்து நாற்பது பிள்ளைகள் படிக்க வரும் இடம். கொடுக்கும் விழா ஏதும் இல்லை. அதற்குப் பதிலாக, கொண்டுபோன பெட்டியை அங்கேயே பிரித்துப் போட்டுவிட்டோம். ராமை உருவியாயிற்று, பேட்டரியைக் கழற்றியாயிற்று, எஸ்எஸ்டி கேபிளைப் பிடுங்கியாயிற்று. இப்போது நீங்களே பூட்டி ஆன் செய்யுங்கள் என்றோம். படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளைகள் அப்படி இல்லை. கொஞ்ச நேரம் அடிதடி, பிறகு ராம் தப்புத் திசையில் நுழையாது என்பதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். பவர் பட்டன் முதலில் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கியது. ராம் முழுதாக உட்காரவில்லை. அழுத்தினார்கள், வெள்ளை விளக்கு எரிந்தது.

பெட்டியில் வைஃபை கிடையாது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போட்டால் லினக்ஸ் உடனே பிடித்துக்கொள்ளும் என்பதைக் காட்டிவிட்டு வந்தோம்.

சில மாதத்தில் போன் வந்தது. நெட் வேலை செய்யவில்லை, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்கிறது. வைரஸ் என்று ஒரு கட்சி, போன் கோளாறு என்று ஒரு கட்சி. மூலையில் தேதி என்ன காட்டுகிறது என்று கேட்டேன். பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. அலுவலகத்தில் பெட்டி எப்போதும் பிளக்கிலேயே இருக்கும். அணைத்தாலும் சுவரிலிருந்து ஒரு சொட்டு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், உள்ளிருக்கும் பொத்தான் பேட்டரிக்கு வேலையில்லை. படிப்பகத்தில் இரவானால் மெயினையே அணைத்துவிடுகிறார்கள். நேரத்தைக் காப்பாற்றும் பாரம் முழுக்கப் பேட்டரி தலையில். நாங்கள் போட்டதும் மலிவுப் பேட்டரி. தேதி தப்பானால் இணையதளங்களின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கடிகாரக் கடையில் சிஆர் 2032 வாங்கி அவளே மாற்றினாள். நோட்டில் தேதியும் விலையும் எழுதி, கீழே 'பிளஸ் குறி மேலே' என்று குறித்து வைத்திருக்கிறாள்.

இப்போது எங்கள் மேசைக்கு வரும் லாட்டுகளின் வயது குறைந்துகொண்டே வருகிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட சிப்பும் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளில் எந்தக் கோளாறும் இல்லை, ஆனாலும் அலுவலகங்கள் இறக்கிவிடுகின்றன. உலகம் முழுக்க இப்படி 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023-இலேயே மதிப்பிட்டது. நம் 3020-ஐவிட இளையவை, வேகமானவை. பெட்டிக்குப் பஞ்சம் வரப்போவதில்லை.

இதைக் கேள்விப்பட்டோ என்னவோ, படிப்பகத்து அண்ணன் போன வாரம் கூப்பிட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"சார், அவங்களுக்கும் ரெண்டு சிபியு வேணுமாம். குடுக்க முடியுமா?"

"குடுக்கலாங்க. அங்க தொறந்து பாக்க யாரு இருக்காங்க?"

"அங்க யாரும் இல்ல சார். நம்ம புள்ளைங்க ரெண்டு பேர் ஞாயித்துக்கிழமை போறோம்னு சொல்லியிருக்குங்க. நீங்க பூட்டாமயே அனுப்பிடுங்க."